கொட் மீன் கணக்கைத் திறந்து வையுங்கள்: கனடா மீன்வள அமைச்சருக்கு ஒரு மடல்

மாண்புமிகு கனடா மீன்வளத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 1986 ஆகஸ்ட் மாதம், கனடாவின் கிழக்குக்கரைத் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஷாட்ஸ் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு காத்தவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். ரொறன்ரோவில் அந்தப் பெயரை நாங்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறோம். பருத்தித்துறையில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் ஆட்களைக் கரைசேர்த்தவர்களும் கடற்றொழிலாளர் என்று அறிந்த நாளிலிருந்து அவர்களுடைய கடலைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அப்படிப் படித்ததில் ஒன்று நெஞ்சை விட்டு அகலவில்லை. அதே 1986இல் அந்தக் கரையோர மக்கள், தங்கள் வாழ்வாதாரமான கொட் மீன் குறைந்து வருகிறது என்ற உண்மையைச் சொன்னார்கள்; உங்கள் துறை அதைக் காதில் வாங்கவில்லை.

கரையோரத்தில் அப்போதே மீன்பாடு குறைந்துகொண்டு வந்தது. ஆழ்கடலில் இழுவைக் கப்பல்களுக்கு மடிவலை நிறைந்தது. அந்தக் கடலின் ‘வடக்குக் கொட்’ எனப்படும் மீன்கூட்டத்தின் இருப்பைக் கணித்த உங்கள் துறையினர் கப்பல்களின் பிடிவீதத்தைப் பெரிதும் நம்பி, மீன் பெருகி வருகிறது என்றார்கள். கரையோர மீனவர் சங்கம் மெமோரியல் பல்கலைக்கழக உயிரியலாளர்களிடம் தனியே ஓர் ஆய்வைக் கேட்டு வாங்கியது. துறையின் கணிப்பு மிகை என்றது அந்த ஆய்வு.

ஏன் மிகையானது? கொட் மீன் குறையக் குறைய எஞ்சியவை பரந்து கிடப்பதில்லை, ஓரிடத்தில் திரள்கின்றன. மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் எதிரொலிக் கருவி வைத்திருக்கும் கப்பல் நேரே அந்தத் திரளின்மேல் போய் நிற்கிறது. கடல் வெறுமையாகிக்கொண்டிருக்கும், மடியோ நிறைந்தே வரும். நிறைந்த மடியைப் பார்த்து எழுதிய கணக்கு, அள்ளி முடிக்கும் வரை பிழையாகவே இருக்கும். கரையில் காத்திருக்கிறவனுக்குத்தான் மீன் வரவில்லை என்பது முதலில் தெரியும். என் தகப்பனாருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பிழையை உணர்ந்த அறிவியலாளர்கள் 1989இல், 1,25,000 தொன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றார்கள். அரசு 2,35,000 தொன் என்று நிர்ணயித்தது. தொழிற்சாலைகள் மூடப்படும், ஊர்கள் பட்டினி கிடக்கும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் 1992 ஜூலை 2ஆம் தேதி கொட் பிடிக்கவே தடை வந்து, கடலே மூடப்பட்டது. 30,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவித்த தடை 2024 வரை நீண்டது. குளிர்நீர்மீதும் கடல்நாய்கள்மீதும் பழி போடப்பட்டபோது, முதன்மைக் காரணம் மிகைப்பிடிப்பே என்று மீன்வள அறிவியலாளர்களான ஜெஃப்ரி ஹட்சிங்ஸும் ரான்சம் மையர்ஸும் 1994இல் எழுதினார்கள். 1997இல் ஹட்சிங்ஸ், வால்டர்ஸ், ஹெட்ரிச் மூவரும், அரசு தகவலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டால் அறிவியல் உயிர்வாழுமா என்று நேரடியாகவே கேட்டார்கள். ஹட்சிங்ஸும் மையர்ஸும் இன்று நம்மிடையே இல்லை. அந்தக் கேள்விக்கு உங்கள் துறை இன்னும் முழுமையான பதில் தரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

2023இல் கணிப்பு முறை மாற்றப்பட்டது. 1954 வரை பின்னோக்கிய தரவுகளும், கொட் மீனின் உணவான காபெலின் மீனும் அதில் சேர்க்கப்பட்டன. அது நல்ல வேலை. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அபாய எல்லையாக வைத்திருந்த கோடு தாழ்ந்ததால், கொட் மீன் அபாய நிலையிலிருந்து எச்சரிக்கை நிலைக்கு ஏறியதாகக் கணக்காயிற்று. கடலில் ஒரு மீன்கூட அதனால் கூடிவிடவில்லை. அடுத்த ஆண்டு தடை நீங்கி 18,000 தொன் அனுமதிக்கப்பட்டது. தடையைத் தொடரும்படியே துறை அதிகாரிகள் பரிந்துரைத்திருந்தார்கள் என்பதைப் பிறகு செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். 2025இல் அது 38,000 தொன். ஒரே ஆண்டில் இரு மடங்குக்கும் மேல்! இந்த வேகத்தைப் பார்க்க எனக்குப் பதறுகிறது.

கொட் மீனின் வயதை அதன் செவிக்கல்லில் உள்ள வளையங்களை எண்ணி அறிகிறார்கள், மரத்தை வெட்டி எண்ணுவதைப் போல. வளையம் கூடிய மீன் மிகவும் அருமையானது. முப்பது கிலோ எடையுள்ள ஒரே பெண் கொட், இரண்டிரண்டு கிலோ எடையுள்ள இருபத்தெட்டு பெண் மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகமாக முட்டையிடுகிறது. ஆகவே, இத்தனை தொன் என்று எடையில் மட்டும் கணக்கிட்டால் போதாது; அந்த எடைக்குள் எத்தனை பெரிய தாய்மீன்கள் போயின என்று கேட்க வேண்டும். குளிர்காலத்தில் கண்டத்திட்டின் விளிம்பில் திரண்டு, சினை முற்றி நிற்கும் அவற்றின்மேல் இழுவைமடியை விடுவது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம். பாக்கு நீரிணையில் இழுவைமடி கடலடியைச் சுரண்டிப் போனபின் எங்கள் வலைகளுக்கு மிஞ்சியது என்ன என்பதை ஊரிலிருந்து இன்றும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கனடியக் கப்பல்களோடு வெளிநாட்டு இழுவைக் கப்பல்களுக்கும் மீண்டும் கதவு திறந்த உங்கள் துறையின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. திரள் கூடும் இடங்களில், கூடும் மாதங்களில் அவற்றுக்கு இடமே தரக் கூடாது. கோடையில் கரைக்கு வரும் மீனைக் கரையோரப் படகுகள் அளவோடு பிடிக்கட்டும்.

காபெலினையும் மறந்துவிடாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் வீழ்ந்த அந்தச் சிறுமீன் பழைய அளவுக்கு இன்னும் மீளவில்லை. சினைக்காக இன்றும் பிடிக்கப்படுகிறது. கொட்டின் இரையை எடுத்துக்கொண்டே கொட் பெருகட்டும் என்று காத்திருக்கிறோம்.

ஒதுக்கீட்டை முடிவு செய்வது உங்கள் உரிமை, அமைச்சர் அவர்களே. அறிவிக்கும் அன்றே உங்கள் அறிவியலாளர்களும் அதிகாரிகளும் தந்த பரிந்துரையையும் முழுமையாக வெளியிடுங்கள். அதிலிருந்து விலகினால், விலகியதன் காரணத்தை உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். செயின்ட் ஷாட்ஸில் இருப்பவரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். அடுத்த பருவத்துக்கான ஒதுக்கீட்டிலிருந்தே இதைத் தொடங்கலாம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பருத்தித்துறையில் பிறந்து ரொறன்ரோவில் வாழும் ஒரு கடற்றொழிலாளியின் மகன்