ஸ்கேனில் தெரியாத வலி

பாப்பா,

பிசகிய உன் கணுக்காலின் ஸ்கேன் படங்களைப் பார்த்தேன். தசைநார் ஒட்டிவிட்டது, எலும்பிலும் பழுதில்லை. படத்தைப் பார்த்த மருத்துவர் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். எனக்கு வந்த கோபம் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் தசைநார் தெரியும், வீக்கம் தெரியும். ஒரு நரம்பு செல் எவ்வளவு சீக்கிரம் தூண்டப்படுகிறது என்பது தெரியாது. உன் வலியை நான் அங்கேதான் தேடுவேன்.

கணுக்கால் வலியைச் சுமந்து வரும் செல்லின் உடல் காலில் இல்லை. முதுகெலும்பை ஒட்டிய ஒரு சின்ன முடிச்சில் இருக்கிறது. அதன் ஒரு கிளை கால்வரை போகிறது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். இன்னொன்று தண்டுவடத்துக்குள் நுழைகிறது. அந்த மாதிரி எலி செல்லைத்தான் நான் ஆய்வகத்தில் ஒரு மைக்ரான் நுனியுள்ள கண்ணாடிக் குழாயால் பிடித்து, அதன் சவ்வைத் தாண்டும் மின்னோட்டத்தை அளக்கிறேன். சவ்வில் உள்ள சோடியம் சேனல்கள் என்ற வாசல்கள் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், சில மில்லி விநாடியில் ஒரு மின் துடிப்பு வந்துபோகும். காயம்பட்ட இடம் வீங்கிச் சிவக்கும் அழற்சியில் ஊறும் ரசாயனங்களைச் சேர்த்துவிட்டால், சற்றுமுன் சட்டை செய்யாத சின்னத் தூண்டலுக்கே அந்தச் செல் துடிக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஏற்பி என்பது நரம்பு செல்லின் சவ்வில் இருந்து தூண்டலை உணரும் புரதம். மிளகாயின் காரத்தை உணரும் டி.ஆர்.பி.வி.1 ஏற்பியை 1997இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு கண்டுபிடித்தது. வழக்கமாக 43 டிகிரி சூட்டுக்கு மேல்தான் அது திறக்கும். அழற்சி வந்தால் அந்த வரம்பு இறங்கி, உடம்புச் சூடே போதுமானதாகிவிடும். கால் பிசகிய புதிதில் வெதுவெதுப்பான தண்ணீர்கூடச் சுட்டது என்றாயே, அது இதனால்தான் இருக்கும்.

ஆனால் இப்போது சாக்ஸ் உரசினாலே எரிகிறது என்கிறாய். இது வேறு கதை. காயத்திலிருந்து விடாமல் துடிப்புகள் வந்துகொண்டிருந்தால், தண்டுவடத்தில் அவற்றை வாங்கும் செல்களே மாறிப்போகும். அங்கே என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று ஒன்று. அதன் வாயை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். தூண்டல் தொடர்ந்தால் அந்த அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே போய், இணைப்பு வலுப்பெற்றுவிடும். அதன்பின் வெறும் தொடுகையைச் சொல்ல வந்த நரம்பும் வலிப் பாதையை எழுப்பிவிடும். தண்டுவடம் இப்படி மாறுகிறது என்பதை 1983இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டினார். கால் ஆறிய பிறகும் அந்த மாற்றம் சிலருக்கு நீடிக்கிறது.

மனசுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கவலையும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும். ஆனால் அதுவும் நரம்பு வேலைதான். 1978இல் பல் பிடுங்கியவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. மார்ஃபின் போல வலியைக் குறைக்கும் ஓபியாய்டுகளைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அந்த நிவாரணம் போய்விட்டது. நம்பிக்கை, உடம்பு தானே சுரக்கும் ஓபியாய்டு வழியாக வேலை செய்திருக்கிறது. ஆகவே "மனசுதான்" என்று யாராவது சொன்னால், மனசு எந்த நரம்பு வழியாக என்று கேள்.

வலியே தெரியாத உடம்பாக இருந்தால் தேவலை என்றும் எழுதியிருந்தாய். அப்படிப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். வடக்கு பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு சிறுவன் தெருவில் கையில் கத்தியைச் செருகியும் தணலில் நடந்தும் வித்தை காட்டினான். பதினான்காவது பிறந்தநாளை ஒட்டி ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவன் உறவுக்காரப் பிள்ளைகள் உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நேவ் 1.7 என்ற ஒரே ஒரு சோடியம் சேனல் வேலை செய்யவில்லை என்று 2006இல் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தச் சேனலை அடைக்க மருந்து தேடுகிறார்கள், இன்னும் சரியாக வாய்க்கவில்லை. அதன் பங்காளி நேவ் 1.8ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்பாய் என்று தெரியும். அந்த அனுமதி திடீர் வலிக்குத்தான். உன்னுடையதுபோல மாதக்கணக்கில் இழுக்கும் வலிக்கு இல்லை.

காலை அசைக்காமல் வைத்துக்கொண்டிராதே. இப்போது வலிப்பதால் தசைநார் மறுபடி கிழிகிறது என்று அர்த்தமில்லை. வலி தாங்கும் அளவுக்கு நட, சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டு. நன்றாக இருக்கும் நாளில் அளவுக்கு மீறி நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வது உன் சுபாவம், அதை மட்டும் செய்யாதே. நரம்பு வலிகளைப் பார்க்கும் வேறு மருத்துவரிடம் நேரம் வாங்கு. அதற்குள் காலின் நிறம் மாறினாலோ, அந்தக் காலில் மட்டும் வியர்த்தாலோ வீங்கினாலோ காத்திருக்காமல் போய்க் காட்டு.

இன்று ராத்திரி பஞ்சால் கணுக்காலை மெல்ல வருடிப் பார், அப்புறம் விரலால் அழுத்திப் பார். எதற்கு வலிக்கிறது, எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பேனாவால் காலிலேயே கோடு போட்டு, படம் எடுத்து அனுப்பு.

அம்மா