ரூஜ் ரிவர் தொகுதி இப்போது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாத் தமிழர் அரசியல் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, டொரன்டோவின் 'ஸ்காபரோ ரூஜ் ரிவர்' நாடாளுமன்றத் தொகுதி இன்னும் இருப்பதுபோல் எழுதியிருக்கிறது. அது 2015 தேர்தலோடு இல்லாமல் போய்விட்டது.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தத் தொகுதிக்குள் இருந்த மால்வேர்னுக்கு, தங்கை வீட்டுக்குப் போனாலும் எல்லையைத்தான் முதலில் தேடுவேன். அந்தத் தொகுதிக்கு வடக்கே ஸ்டீல்ஸ் வீதி, தெற்கே 401 நெடுஞ்சாலை, கிழக்கே ரூஜ் ஆற்றுப் பக்கம். தங்கை மரக்கறி வாங்க ஸ்டீல்ஸைக் கடந்தால் அது மார்க்கம் நகரம். மாநகரமும் வேறு, எம்.பி.யும் வேறு.

1988இல் அங்கே முதல் தேர்தல். லிபரல் கட்சியின் டெரெக் லீ 2011 வரை அசையாமல் இருந்தார். அந்த ஆண்டு புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடா நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். ஒரு தவணைதான். எல்லையைத் திருத்தியபோது மேற்குப் பக்கம் ஸ்காபரோ வடக்கு என்ற புதிய தொகுதிக்கும் கிழக்குப் பக்கம் ஸ்காபரோ ரூஜ் பார்க் என்ற புதிய தொகுதிக்கும் போயின. ராதிகா ஸ்காபரோ வடக்கில் தோற்றார், ரூஜ் பார்க்கில் கரி ஆனந்தசங்கரி வென்றார். 2025 தேர்தலில் ரூஜ் பார்க்கும் தனியாக இல்லை, பக்கத்துக் கில்ட்வுட்டோடு சேர்ந்துவிட்டது. கரியின் தகப்பனார் வீ. ஆனந்தசங்கரி இலங்கையில் 1970இலும் 1977இலும் வென்ற கிளிநொச்சி ஆசனமும் விகிதாசாரத் தேர்தல் முறை வந்ததும் போனதுதானே!

ஆனால் கனடாவில் பத்தாண்டுக் குடிசன மதிப்பீடு முடிந்ததும், மாகாணத்துக்கு ஒன்றாக, நீதிபதி தலைமையில் ஆணைக்குழு அமைத்து எல்லையைப் பார்க்கிறார்கள். எம்.பி.மார் ஆட்சேபிக்கலாம், கடைசி முடிவு ஆணைக்குழுவினுடையது. இங்கே இலங்கையில் மாகாண சபை எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்துக்கே போனது. 2018 ஆகஸ்டில் அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. மாகாண சபைக்கான பழைய தேர்தல் முறையையும் மாற்றியாகிவிட்டது, புதிய எல்லையும் இல்லை. பிறகு எப்படித் தேர்தல் வைப்பது? கொழும்பில் நாங்கள் மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2014 மார்ச்சில். தங்கையின் தொகுதி இரண்டு தரம் பெயர் மாறியும் அவளுக்கு ஒரு வாக்குக்கூடத் தவறவில்லை.

வேட்பாளர் படங்களுக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், சரி. கைவிடப்பட்ட அந்த அறிக்கையில் மேல் மாகாணத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று ஒரு வரைபடமும் போடலாமே.

ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13