மூக்கை அளந்து சொன்ன இனக்கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டா பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அங்கே மாடு வளர்ப்பவர்களாக அறியப்பட்ட பிரிவினரான துட்சிகளை ‘கூரிய மூக்குள்ள, வடக்கிலிருந்து வந்த தனி இனம்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது மனதை உறுத்தியது. இது காலனிக்காரர்கள் கட்டிய கதை. அந்த வட்டார அரச குலங்கள் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவை என்று 1863-இல் ஜான் ஸ்பீக் என்ற ஆங்கிலேயப் பயணி வெறும் ஊகமாக எழுதினார். அப்புறம் பெல்ஜிய ஆட்சியில் மூக்கு, மண்டை, உயரம் என்று ஆட்களை நிறுத்தி அளந்து, அதையே அறிவியல் என்றார்கள். 1930-களில் சனங்களை ஹுட்டு, துட்சி, ட்வா என்று மூன்று பிரிவாக்கி அடையாள அட்டையிலும் ஏற்றிவிட்டார்கள். அதுவரை ஒரே கின்யர்வாண்டா மொழி பேசி, ஒரே குலப்பெயர்களைப் பகிர்ந்து, பெண் கொடுத்து எடுத்து வாழ்ந்த சனங்கள் இவர்கள். மாடு கன்று பெருகினால் ஹுட்டு ஒருவர் துட்சியாக மாறவும் வழி இருந்தது.

மூக்கின் அகலத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்பு உண்டு. ஒடுங்கிய முகமும் நெடிய உடலும் ஆப்பிரிக்காவிலேயே உருவானவை, வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை என்று பெல்ஜிய மானிடவியலாளர் ழான் இயெர்னோவே பின்னாளில் வாதிட்டார்.

1994-இல் துட்சிகளுக்கு எதிராக நடந்த இனப்படுகொலையில், ஹுட்டு தீவிரவாதிகள் சாலைத் தடுப்புகளில் அட்டையைப் பார்த்துக் கொன்றார்கள், அட்டை இல்லாதவர்களை மூக்கையும் உயரத்தையும் பார்த்துக் கொன்றார்கள். துட்சி சாயல் இருந்ததற்காகவே செத்த ஹுட்டுகளும் உண்டு. இவ்வளவு நடந்த பிறகும் அதே வர்ணனையை நாம் அச்சில் ஏற்றலாமா? தயவுசெய்து அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள்.

வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்