ஆண்டறிக்கை: ரோபோ பயிற்சிக் கூடமும் நிலுவைச் சந்தாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். பணி ஓய்வு பெற்றவர்களைப் பாராட்டினோம். முதலுதவிப் பயிற்சி ஒன்றும் நடந்தது.

அடுத்தது ரோபோ பயிற்சிக் கூடம். செயலாளரான நான் சங்கப் பணத்தைப் பழைய இரும்பில் போட்டுவிட்டேன் என்ற பேச்சு என் காதுக்கும் வந்ததால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தொழிற்சாலை கழித்துவிட்ட, ஆறு மூட்டுகளில் திரும்பும் ஆறு அச்சு ரோபோ கையை நமக்கு இலவசமாகத்தான் தந்தது. செலவானது அடித்தளத்துக்கும் கம்பி வேலிக்கும் சில உதிரிப் பாகங்களுக்கும் மட்டுமே. வந்து இறங்கியபோது மூட்டுகள் எவ்வளவு திரும்பின என்று அளக்கும் என்கோடரின் பேட்டரி செத்துக் கிடந்தது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் ஒவ்வொரு மூட்டும் எங்கே நிற்கிறது என்ற கணக்கைக் காப்பாற்றி வைப்பது அந்தச் சின்னப் பேட்டரிதான். அது போனால், கைக்குத் தன் இடமே தெரியாது. நம் பராமரிப்புப் பிரிவு இளைஞர்கள் புதுப் பேட்டரி போட்டு, கைவிளக்கு அடித்துப் பார்த்து, மூட்டுகளில் பொறித்திருக்கும் குறிகளை நேருக்கு நேர் நிறுத்தி, ஒவ்வொரு அச்சுக்கும் பூஜ்யத்தை மறுபடி பதிந்தார்கள். இதை ஒருமுறை தன் கையால் செய்தவர், தன் உற்பத்தி லைனில் பேட்டரி போன அலாரம் வரும்போது திகைத்து நிற்க மாட்டார்.

வேலிக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1979-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு கார் நிறுவனத்தின் வார்ப்பாலையில் பாகம் எடுக்க அடுக்கின் மேல் ஏறிய தொழிலாளியை ரோபோவின் கை மோதிக் கொன்றது. ரோபோவால் நேர்ந்த முதல் மரணமாகப் பதிவானது அதுதான். பழைய இயந்திரம்தானே என்று வேலியில்லாமல் ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

மூத்த வெல்டர் ஒருவர் தயங்கித் தயங்கித்தான் வகுப்புக்கு வந்தார். ரோபோவைக் கையால் இயக்கிக் கற்றுக்கொடுக்கும் கைப்பெட்டியான டீச் பெண்டன்ட்டைக் கையில் கொடுத்தோம். அதன் பின்பக்க சுவிட்சை நடு நிலையில் அழுத்திப் பிடித்தால்தான் கை நகரும். விட்டாலும் நிற்கும், பயந்து இறுக்கினாலும் நிற்கும். மெதுவாக ஓட்டும் கைமுறை நிலையில் வேகம் வினாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாது. இது புரிந்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. இளைஞர்கள் போட்ட புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிட்டு, “மூலையில் வெல்டிங் டார்ச் இப்படிச் சாய்ந்தால் ஒரு தகடு உருகும், இன்னொன்று பிடிக்காது தம்பி” என்றார். கோணத்தை மாற்றினார், மூலையில் வேகத்தைச் சரிசெய்தார். அடுத்த வெல்டு இருபக்கமும் சீராகப் பிடித்தது. சொன்ன புள்ளிக்கு இம்மி பிசகாமல் திரும்பத் திரும்ப வருவது ரோபோவின் திறமை. எந்தப் புள்ளி, எந்தக் கோணம் என்பது அந்த வெல்டருக்குத் தெரிந்தது. இந்த இரண்டையும் சேர்க்கத்தான் இந்தக் கூடத்தையே அமைத்தோம்.

வேலை போகாது என்று நான் யாருக்கும் உறுதி சொல்லவில்லை. 1961-இல் யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சூடான வார்ப்புகளை எடுத்து வைக்க ஆரம்பித்ததிலிருந்து, தூக்கி வைக்கும் வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறி வருகின்றன. ஆனால் இயந்திரங்களைக் கட்டுப்படுத்திய ரிலே சுவிட்சுப் பெட்டிகள் போய், புரோகிராம் போட்டு இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி. வந்த கதையும் நமக்குத் தெரியும். ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குப் புரியட்டும் என்றுதான் அதன் புரோகிராமை ஏணி வடிவிலேயே அமைத்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் கட்டுப்பாட்டு அறைக்குள் போனார்கள்.

அப்படியிருக்க, வகுப்பில் எப்போதும் அதே சில முகங்கள்தான். ‘ரோபோ வந்தால் நம் கதி என்ன?’ என்று சென்ற பொதுக்குழுவில் உரக்கக் கேட்டவர்கள் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஷிப்ட் ஒத்துவரவில்லை என்றார்கள். காலையிலும் மாலையிலும் வகுப்பு வைத்தோம். அப்போதும் வரவில்லை. சொல்லவே வருத்தமாக இருக்கிறது.

சந்தா விஷயமும் இதேதான். உறுப்பினர்களில் பெரும் பகுதியினர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை, சிலருக்குப் பழைய பாக்கியும் நிற்கிறது. நினைவூட்டல் அனுப்பியும் பயனில்லை. இருந்தும் வரவுக்குள் செலவை அடக்கி, சிறு கையிருப்போடு ஆண்டை முடித்திருக்கிறோம். விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

துணை நின்ற தலைவருக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும், ரோபோ தந்த நிர்வாகத்துக்கும், விடுமுறை நாளிலும் வந்து கிரீஸ் மாற்றிய இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வேலி வாசலுக்கு லைட் கர்ட்டன் என்ற ஒளிக்கதிர்த் திரை பொருத்த வேண்டும். குறுக்கே ஆள் நுழைந்தாலே கை நின்றுவிடும். பொருளைப் பிடிக்கும் கிரிப்பர் ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் பொருளை எடுத்து வைக்கும் பயிற்சியை ஆரம்பிக்கவே முடியாது. இரண்டுக்கும் கையிருப்பு போதாது. பாக்கிச் சந்தா வந்தால் முதலில் லைட் கர்ட்டனை வாங்குவோம். கூட்டம் முடியும்வரை பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார். அடுத்த வகுப்புக்குப் பெயர் எழுதும் தாளும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்