பட்டுப்புழு மனையும் உன் இருமலும்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் ராமநகரத்தில் பட்டுக்கூடு விற்றுவிட்டு நேரே பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு வந்தாயே, அன்று ராத்திரி 2 மணி வரை நீ இருமியது எனக்குக் கேட்டது. விடியற்காலையில் வந்து பார்த்தால், தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாய். மூச்சு விடும்போது பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம். 11 வருஷமாக இன்ஹேலர் எடுக்கிற எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியாதா? மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. ஐந்தாம் நாள் மாடிக்கு ஒரே மூச்சில் ஏறினாய்.

பொங்கலுக்கு வந்தபோதும் இப்படித்தான். நீயே கணக்குப் போட்டுப் பார். சாக்கிப் புழு, அந்த இளம் பட்டுப்புழு, வந்து இறங்கும்போது நன்றாக இருக்கிறாய். நாலாவது தோலுரிப்பு முடிந்து, புழு இலையை வாரி வாரித் தின்னும் நாளில் இருமல் தொடங்குகிறது. கூடு பிரித்து மேல்பஞ்சு எடுக்கும்போது உச்சத்துக்குப் போகிறது. அப்புறம் அடுத்த பேட்ச் வரைக்கும் ஒன்றும் இல்லை. சளி இப்படி நாள் பார்த்து வருமா?

ஊர் டாக்டர் மூன்று தடவையும் இருமல் மருந்துதான் கொடுத்தார். என்ன வேலை செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உன் தாத்தாவுக்கும் களத்தில் ராகி அடிக்கிற நாளில் இளைப்பு வரும். வயசாச்சு என்றார்கள். அப்போது அவருக்கு 45கூட ஆகவில்லை. ஒருத்தருக்குத் தானியத் தூசி, ஒருத்தருக்கு வைக்கோல் பூஞ்சை, இன்னொருத்தருக்குக் கோழிப்பண்ணைத் தூள், உனக்குப் புழுவின் எச்சமும் காய்ந்த இலைத்தூளும். வேலையே கொண்டுவருகிற ஆஸ்துமா இது.

ஆறு வருஷமாக வராதது இப்போது ஏன் என்று கேட்பாய். உடம்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போய்விடும். அதற்கப்புறம் கொஞ்சத் தூசியே போதும். அதிலேயே உழன்றால் வேலையை விட்ட பிறகும் இளைப்பு விடாது. அதுதான் என் பயம்.

நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற ராஜீவ் காந்தி நெஞ்சு நோய் மருத்துவமனைக்குப் போகலாம், நானும் வருகிறேன். புழு வளர்க்கிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல். மூச்சின் வேகத்தை ஊதிப் பார்க்கிற பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். புழு இருக்கிற நாளிலும் இல்லாத நாளிலும் தினம் நாலு தடவை ஊதி நோட்டில் எழுது. வித்தியாசம் டாக்டருக்குத் தெரியும். தினம் எடுக்கச் சொல்லி இன்ஹேலர் தந்தால் மறுக்காதே. பழகிப்போய்விடும் என்று ஊரில் சொல்வது பொய்.

அதுவரை மூக்கில் துண்டு கட்டாதே, நுண்தூசியைத் துணி தடுக்காது. எச்சம் கூட்டும்போது N95 முகமூடி போடு. ப்ளீச்சிங் பவுடர் அடிக்கும் நாளில் உள்ளே போகவே வேண்டாம், அந்த நெடியை இந்த முகமூடி தடுக்காது.

புழுவை விடு என்று டாக்டர் சொன்னால், மல்பெரித் தோட்டத்தை வைத்துக்கொண்டு இலையை விற்கலாம். கடனைப் பற்றி அப்பாவும் நானும் பேசிவிட்டோம். மருமகளும் தினம் அந்த மனையைக் கூட்டுகிறாளே, அவளுக்கு ராத்திரி இருமல் உண்டா என்று கேட்டு எனக்குப் போன் பண்ணு.

அம்மா