சோக்கைக் கழற்றினால் பழைய குழாய் திரும்பக் கிடைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கைமாறி வரும், ரவை சிதறிச் சுடும் பழைய ஷாட்கன்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒரு வரி கவலை தருகிறது. குழாய் நுனியில் குமிழ்போலத் துருத்தி நிற்கும் அட்ஜஸ்டபிள் சோக்கைத் திருகிக் கழற்றினால் துப்பாக்கி பழைய நிலைக்கு வந்துவிடும் என்கிறது அந்த வரி. வராது. அதை நம்பி யாரும் ரெஞ்சை எடுக்க வேண்டாம்.

சோக் என்பது ரவை பரவுவதைக் கட்டுப்படுத்த குழாய் நுனியில் இருக்கும் குறுகல். 12 காஜ் எனப்படும் அளவுள்ள குழாயின் உள்விட்டம் 0.729 அங்குலம் என்றால், இறுக்கமான ஃபுல் சோக்கில் அது சுமார் 0.035 அங்குலம் குறையும். அந்தக் குறுகல் இருப்பது கடைசிச் சில அங்குலங்களில்தான். பாலி-சோக் என்ற அட்ஜஸ்டபிள் சோக்கைப் பொருத்தியவர்கள் முதலில் அறுத்தெறிந்ததே அந்தத் துண்டைத்தான். பிறகுதான் சோக்கின் அடிப்பாகத்தை மரையிலோ பற்றவைத்தோ மாட்டினார்கள். 1912 முதல் 1964 வரை வந்த வின்செஸ்டர் மாடல் 12 போன்ற பம்ப் துப்பாக்கிகளில் இதை நிறையப் பார்க்கலாம். முழுதாகக் கழற்றினால் மிஞ்சுவது குறுகலும், குறிபார்க்க உதவும் முன்குறியும் இல்லாத ஒரு மொட்டைக் குழாய். (கட்ஸ் காம்பன்சேட்டர் என்பது குழாய் நுனியில் மாட்டும் வேறு சாதனம். அதன் முனைக் குழல்கள் கழற்றி மாற்றுவதற்காகவே செய்யப்பட்டவை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தத் தவறான யோசனை பரவுகிறது.)

உரிமையாளர் கழற்ற வேண்டியது சோக்கின் வெளி உறையை மட்டும். தோட்டா இல்லை என்பதைத் தோட்டா அமரும் அறையிலும் மேகசினிலும் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, குழாயைத் துப்பாக்கியிலிருந்து பிரித்துவிடுங்கள். உறைக்குள்ளே நீளவாக்கில் பிளந்த உலோக விரல்கள் இருக்கின்றன. உறை திரும்பும்போது அதன் உட்சரிவு அந்த விரல்களை நெருக்குகிறது. சோக் இறுகுவது அப்படித்தான். பல வருடக் கரியும் துருவும் தோட்டாவுக்குள் இருக்கும் தக்கையின் பிளாஸ்டிக்கும் சேர்ந்து உறை இறுகிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டு, நுனி கீழே இருக்கும்படி ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். மறுநாள் ரப்பர் பட்டை ரெஞ்சால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் இளகும். பைப் ரெஞ்சோ கட்டிங் பிளேயரோ வேண்டாம். உறையின் சுவர் மெல்லியது. நீள்வட்டமாக நசுங்கிவிட்டால் பிறகு எந்த இறுக்க அளவிலும் ஒழுங்காக நிற்காது.

உறை வந்ததும் விரல்களின் இடுக்கைப் பாருங்கள். மெழுகு பூசியதுபோலப் படிந்த பிளாஸ்டிக் மூங்கில் குச்சியால் நெம்பினால் நாடா நாடாவாக உரிந்து வரும். மிச்சத்துக்குப் பித்தளை பிரஷ் போதும். அதன்பின் ஒவ்வொரு விரலின் அடியையும் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும், விரிசல் விடுவது அங்கேதான். இறுக்கமான அளவில் இரும்பு ரவை சுட்ட சோக்குகளில் இது சகஜம். 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்றானபோது, ஈயத்துக்காகச் செய்த பல சோக்குகள் இரும்பை விழுங்க வேண்டியதாயிற்று. விரிசல் தெரிந்தால் அந்த சோக்கோடு சுடக்கூடாது.

அடிப்பாகத்தைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். ஈயப் பற்று 190 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும். வெள்ளிப் பற்றானால் 600 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் கருநீல மெருகு போய்விடும், குழாய் கோணினாலும் கோணும். குழாயின் மேலே ஓடும் பட்டை (ரிப்) ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தால் அதுவும் பிரியும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 18 அங்குலத்துக்குக் குறைந்த குழாய் பதிவில்லாமல் இருக்கக் கூடாது. நிரந்தரமாகப் பற்றவைத்த சோக்கும் அந்த அளவில் சேரும் என்பதால், அதை எடுத்தபின் என்ன நீளம் மிஞ்சும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு குழாயைக் குட்டையாக்கவே தனி உரிமம் கேட்கிறது.

அடிப்பாகத்தைத் திரும்ப மாட்டித் தந்தால் வாங்கும்போதே குழாயின் பின்வாசல் வழியாக வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே தெரியும் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நடுவாக அமைய வேண்டும். ஒரு பக்கம் பிறைபோல நிழல் தடித்தால் சோக் கோணலாக நிற்கிறது, ரவையும் அந்தக் கோணலில்தான் போகும். முன்குறி நேர் உச்சியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது முன்னைவிட உயரமாகிவிட்டால் ரவை தாழ்வாக விழும்.

உறையை மாட்டும்போது மரையில் செம்பு கலந்த கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும். கையால் மட்டும் திருகுங்கள். உறை இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது, தாங்க எதுவும் இல்லாத விரல்கள் விரிந்து முறியும்.

உறையில் பொறித்த எழுத்தை அப்படியே நம்பாமல் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். 40 கஜத்தில் பெரிய தாள் கட்டிச் சுட்டு, ஓட்டைகள் அடர்ந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் வரைந்து ஓட்டைகளை எண்ணுங்கள். 32 கிராம் 6-ஆம் எண் ஈய ரவையில் ஏறக்குறைய 250 மணிகள். ஃபுல்லில் 175 வாக்கிலும், முழுக்கத் திறந்த அளவில் 100 வாக்கிலும் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒவ்வொரு அளவிலும் மூன்று தாளாவது சுட்டுச் சராசரி எடுங்கள். அளவை மாற்றியும் எண்ணிக்கை மாறவில்லை என்றால், விரல்கள் அசையாமல் ஒரே நிலையில் நின்றுவிட்டன என்று பொருள்.

இப்படிக்கு,
துப்பாக்கி பழுதுபார்ப்பவர்,
பென்சில்வேனியா