கூட்டை வைத்துக் குளவிக்குப் பெயரிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பூச்சிக் கட்டுரையின் படத்தில், புழுவின் முதுகில் வெள்ளையாக ஒட்டியிருந்தவை 'முட்டைகள்' அல்ல. புழுவின் உடலுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகள், தோலைத் துளைத்து வெளியேறிப் பின்னிய பட்டுக்கூடுகள் அவை. அந்தக் குளவி 'அபான்டெலஸ்' என்று கட்டுரை அடித்துச் சொல்வதும் சரியல்ல. அது ஒரு பேரினத்தின் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதியின்) பெயர்; கூட்டை மட்டும் பார்த்துப் பேரினத்தைச் சொல்ல முடியாது.

பிராக்கோனிடே என்னும் ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பத்தில், அபான்டெலஸ் அடங்கும் மைக்ரோகாஸ்ட்ரினே துணைக்குடும்பத்தில் பெயரிடப்பட்ட சிற்றினங்களே ஏறத்தாழ 3,000. முன்பு இவற்றில் மிகப் பல அபான்டெலஸ் பேரினத்திலேயே அடைக்கப்பட்டிருந்தன. 1981-இல் பூச்சியியலாளர் மேசன் அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார். பழைய அபான்டெலஸ் குளோமெரேட்டஸ் இன்று கோட்டீசியா குளோமெரேட்டா. பழைய கையேடுகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் பழைய பெயரும் ஓயவில்லை.

துணைக்குடும்பத்தை அறிய உணர்கொம்பே முதல் துணை. அதில் 18 கணுக்கள் இருக்கும். நுனி உடைந்திருந்தால் கணக்குத் தப்பும். இரு கொம்புகளையும் எண்ண வேண்டும்.

பேரினம் காண நுண்ணோக்கி வேண்டும். நெஞ்சின் பின்சரிவைப் பாருங்கள். அபான்டெலஸில் பெரும்பாலும் வைர வடிவில் ஒரு கட்டம் தெரியும். முட்டையிடும் குழலின் உறையும் நீளம். கோட்டீசியாவில் அந்தச் சரிவு கரடுமுரடாக இருக்கும், உறை குட்டை. அபான்டெலஸையும் டாலிகோஜெனிடியா என்ற இன்னொரு பேரினத்தையும் பிரிப்பதுதான் கடினம்: பின்னிறகின் அடிமடல் விளிம்பு முன்னதில் நடுவே மயிரின்றி நேராகவோ உட்குழிந்தோ இருக்கும், பின்னதில் வெளிவளைந்து, நெடுக மயிர் இருக்கும். விளக்கின் நேரொளி பட்டால் கரிய உடல் பளபளத்து வரம்புகள் மறைந்துவிடும். விளக்குக்கும் பூச்சிக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத்தாளை வளைத்து வைத்தால் அவை தெளியும்.

வளர்த்துப் பார்ப்பவர்கள் ஒரு புழுவின் கூடுகளை ஒரே குப்பியில், பஞ்சடைத்து வைக்க வேண்டும். வேறு புழுவின் கூடுகளோடு கலக்கவே கூடாது. கூட்டுக்குரிய குளவி நுனியை மூடிபோல் வட்டமாக வெட்டித் திறந்து வரும். ஓரம் பிய்ந்த ஓட்டை தெரிந்தால் ஐயப்படுங்கள்: அது பெரும்பாலும் ஒட்டுண்ணியையே தின்று வளர்ந்த இன்னொரு குளவி. அதற்கு முதல் குளவியின் பெயரை எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

வெளிவந்தவற்றை ஒரு நாள் விட்டு, உடல் இறுகியபின் 95 விழுக்காடு எத்தனாலில் இடுங்கள். பின்னாளில் டி.என்.ஏ. எடுக்கவும் அது உதவும். புழுவின் பெயர், அது தின்ற செடி, இடம், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரையும்.

படம் மட்டும் கைவசம் இருந்தால், 'மைக்ரோகாஸ்ட்ரினேயாக இருக்கலாம்' என்று அச்சிடுங்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பூச்சி வகைப்பாட்டில் ஈடுபாடுள்ள வாசகர்